மண்ணுக்குள் கசியும் குடிநீர்க் குழாய்: பழைய வீட்டில் கண்டுபிடித்து மாற்றும் முறை

சென்னையின் பழைய வீடுகளில் தெருக் குழாயிலிருந்து கிளம்பி, காம்பவுண்டுக்கு அடியில் நுழைந்து, அடி பம்பைத் தொட்டுக்கொண்டு தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் போய் விழும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் பெரும்பாலும் அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ இருக்கும். வீடு கட்டிய அன்று புதைத்ததை அதன்பிறகு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வீணாகிறதே என்று கவலைப்படுவோம். அதைவிடப் பெரிய கெடுதல் தண்ணீர் நின்ற பிறகு நடக்கிறது.

நம் ஊர்களில் பெரும்பாலும் தெருக் குழாயில் சில மணி நேரம்தான் சப்ளை. அது நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். மிச்சத் தண்ணீர் தாழ்வான பக்கம் இறங்கும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகி, எந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போனதோ அதே ஓட்டை வழியாகச் சுற்றியுள்ள ஈரம் உள்ளே வரும். பக்கத்திலேயே சாக்கடைக் குழாயும் கசிந்தால் வருவது சாக்கடை. அடி பம்பு அடித்தால் இந்த உறிஞ்சல் இன்னும் பலமாகும். தெரு லைனில் நேராக மோட்டார் வைத்து இழுத்தால் அதைவிட மோசம். அப்படி இழுப்பது சட்டப்படியும் குற்றம். அடுத்த சப்ளையில் முதல் இரண்டு குடம் கலங்கலாகவோ வாடையோடோ வருகிறதென்றால், எங்கேயோ குழாய் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இந்த வேலையை மழைக்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். முழு வேலைக்கு நாள் ஆகுமென்றால், அதுவரை குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே பயன்படுத்துங்கள்.

முதலில்: கசிவது எந்தக் குழாய்?

ஒரு பழைய வீட்டு முற்றத்தில் குறைந்தது மூன்று குழாய்கள் மண்ணுக்குள் ஓடும். தெருவிலிருந்து சம்ப்புக்கு வரும் லைன், சம்ப்பிலிருந்தோ போர் கிணற்றிலிருந்தோ மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றும் லைன், கழிவுநீர் லைன். ஈரம் தெரிந்ததும் கடப்பாரையைத் தூக்கினால் தப்பான குழாயை உடைப்பீர்கள்.

ஈரம் எப்போது கூடுகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். சப்ளை நேரத்தில் கூடினால் தெரு லைன். மோட்டார் ஓடும்போது கூடினால் ஏற்றும் லைன். குளித்து, துவைத்து முடித்ததும் கூடினால் கழிவுநீர். எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் சம்ப்பே கசியலாம். இரவு படுக்கப் போகும்போது சம்ப்புச் சுவரில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, மோட்டாரையும் உள்ளே வரும் வால்வையும் நிறுத்திவிட்டுக் காலையில் பாருங்கள். மூடிய சம்ப்பில் ஆவியாகிப் போவது கணக்கிலேயே வராது. கோட்டுக்குக் கீழே விரல் அளவு இறங்கியிருந்தாலே அது சம்ப்புக் கசிவு.

போர் தண்ணீரா, தெருத் தண்ணீரா என்ற சந்தேகத்தை, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் தீர்த்துவைக்கும். தெருக் குழாய் நீர், போர் நீர், ஈர இடத்தில் சிறு குழி தோண்டி அதில் ஊறிய நீர் மூன்றையும் தனித்தனி டம்ளரில் எடுத்து அளந்து பாருங்கள். ஊறிய நீர் எதன் எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அதுதான் மூலம். மண்ணின் உப்பு சேர்ந்து எண் கொஞ்சம் கூடும், அதற்கு இடம் கொடுங்கள். கோவையில் சிறுவாணி நீர் வரும் பகுதிகளில் இந்தச் சோதனை பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அந்த நீரில் உப்பு மிகக் குறைவு.

தண்ணீர் மீட்டர் பொருத்திய வீடென்றால் வேலை எளிது. சப்ளை வரும்போது சம்ப்புப் பக்க வால்வை இறுக்கமாக மூடிவிட்டு, மீட்டர் முகத்தில் இருக்கும் சின்ன நட்சத்திரச் சக்கரத்தைப் பாருங்கள். சுற்றினால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே தண்ணீர் போகிறது. அது நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றாலும் மூன்று மணி நேர சப்ளையில் 180 லிட்டர். நாள் முழுக்க சப்ளை உள்ள இடத்தில் 1,440 லிட்டர்.

மீட்டர் இல்லாவிட்டால் மாடித் தொட்டியை வைத்துப் பார்க்கலாம். காம்பவுண்டுக்குள் நுழையும் இடத்தில் யூனியனை (குழாயை அறுக்காமல் பிரிக்க உதவும் இணைப்பு) கழற்றி, வீட்டுப் பக்க முனையில் எண்டு கேப் போட்டு அடைத்துவிடுங்கள். சம்ப்புப் பக்க முனையில் மாடித் தொட்டியின் குழாயிலிருந்து ஹோஸ் மாட்டி, காற்றை வெளியேற்றி, லைனை நிரப்புங்கள். தொட்டி 7 மீட்டர் உயரத்தில் இருந்தால் சதுர செ.மீ.க்குச் சுமார் 0.7 கிலோ அழுத்தம் கிடைக்கும். பிறகு ஹோஸுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள வால்வை மூடி, குழாய்ப் பக்கம் மாட்டிய அழுத்தம் காட்டும் கேஜைப் பத்து நிமிடம் பாருங்கள். முள் இறங்கினால் லைன் பிடிக்கவில்லை. கேட்டருகே அடைக்காமல் மட்டும் இதைச் செய்யாதீர்கள். உங்கள் தொட்டித் தண்ணீர் தெருக் குழாய்க்குள் போய் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஏறும்.

இடத்தைக் கண்டுபிடிப்பது

ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் கீழேதான் ஓட்டை இருக்கும் என்று நம்பித் தோண்டுவதுதான் பாதிப் பேர் செய்யும் தப்பு. குழாய் புதைத்த பள்ளத்தின் மண் எப்போதும் சுற்றியுள்ள மண்ணைவிடத் தளர்வு. தண்ணீர் அந்தப் பள்ளத்தோடேயே ஓடி, கெட்டியான மண்ணோ சுவர் அஸ்திவாரமோ தடுக்கும் இடத்தில் மேலே ஏறும். களிமண் தரையில் பத்தடி தள்ளிக்கூட ஈரம் காட்டும். மணல் தரையில் மேலே ஈரமே காட்டாமல் அப்படியே கீழே இறங்கிவிடும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடற்கரை மணல் பகுதிகளில் கசிவு வருடக்கணக்கில் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

குழாய் போகும் தடத்தை முதலில் தரையில் சாக்பீஸால் வரையுங்கள். அந்தத் தடத்தின் மேட்டுப் பக்கமாக, ஈரத்திலிருந்து பின்னோக்கிப் போய்த் தேடுங்கள். காய்ந்த வேனிலில் ஒரு இடத்தில் மட்டும் புல் பச்சையாக நிற்பது, தரை ஓடு தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்பது, சிமெண்ட் தரை ஒரு கோட்டில் அமுங்கியிருப்பது, சுவரின் அடியில் உப்புப் பூப்பது எல்லாம் தடயங்கள். இரவில் தெரு அடங்கிய பிறகு, சப்ளை இருக்கும் நேரத்தில், நீளமான கம்பியின் ஒரு முனையைத் தரையிலோ வெளியே தெரியும் குழாயிலோ அழுத்தி, மறுமுனையைக் காதருகே உள்ள எலும்பில் வைத்துக் கேளுங்கள். ஓட்டையருகே ‘ஸ்ஸ்’ என்று விடாத சீறல் கேட்கும். இரண்டடிக்கு ஒரு முறை நகர்த்தி, சத்தம் எங்கே உச்சமோ அங்கே குறி வையுங்கள்.

எதுவும் பிடிபடாவிட்டால் முதலில் மூட்டுகளைத் தோண்டுங்கள். ஜி.ஐ. குழாய் சுமார் 6 மீட்டர் நீளத்தில் வருவதால் கேட்டிலிருந்து அளந்தால், இரண்டு குழாயை இணைக்கும் கப்ளிங் இருக்கும் இடம் ஓரளவு தெரிந்துவிடும். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் விழும். முக்கால் அங்குலக் குழாயின் நடுத்தர ரகத்துக்குச் சுவர்க் கனம் 2.6 மி.மீ. அதில் மரை வெட்டினால் 1.16 மி.மீ. ஆழம் போய்விடும், மிஞ்சுவது ஒன்றரை மி.மீ.க்குக் கீழே. துத்தநாகப் பூச்சும் அங்கே வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அதனால் மண்ணில் துரு முதலில் கடிப்பது கப்ளிங்குக்கு வெளியே எட்டிப் பார்க்கும் அந்த இரண்டு மூன்று மரைகளைத்தான். அடுத்து சந்தேகப்பட வேண்டியவை பித்தளை வால்வு மாட்டிய இடமும், சுவரையோ கான்கிரீட்டையோ விட்டுக் குழாய் வெளியேறும் விளிம்பும்.

கடப்பாரை போடுவதற்கு முன் கரண்ட்

இதை அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள். பழைய வீடுகளில் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிக் கட்டியிருப்பது சாதாரணம். மீட்டர் பலகையிலிருந்து வரும் மொட்டைக் கம்பி, அடி பம்புக்குப் பக்கத்தில் குழாயைச் சுற்றி முறுக்கிவிடப்பட்டிருக்கும். அந்தக் குழாயை ரம்பத்தால் அறுக்கும்போது இரண்டு துண்டையும் இரண்டு கையால் பிடித்தால், நடுவே மின்சாரம் போகும் வழியாக உங்கள் உடம்பு நிற்கும். வீட்டு மெயினை அணைத்தால் மட்டும் போதாது. அடுத்த வீட்டின் கசிவு மின்சாரமும் தெருவின் உலோகக் குழாய் வழியாக வரலாம்.

மெயினை அணைப்பதற்கு முன் ஒரு முறை, அணைத்த பின் ஒரு முறை, குழாய்க்கும் ஈர மண்ணில் அடித்த ஒரு கம்பிக்கும் நடுவே மல்டிமீட்டரில் வோல்டேஜ் பாருங்கள். இரண்டு மூன்று வோல்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியன் வந்து காரணம் கண்டுபிடிக்கும்வரை குழாயைத் தொட வேண்டாம். எதுவும் காட்டாவிட்டாலும், அறுக்கப் போகும் இடத்தின் இரு பக்கமும் துருவைச் சுரண்டி, 6 சதுர மி.மீ. செம்பு வயரைக் கிளாம்ப் போட்டு இணைத்த பிறகே ரம்பத்தை வையுங்கள். வேலை முடிந்து பிளாஸ்டிக் குழாய் வந்துவிட்டால் அந்த வீட்டுக்கு எர்த்தே இல்லாமல் போகும். தனி எர்த் குழியைக் குழாய் வேலைக்கு முன்பே போட்டுவிடுவதுதான் முறை. பிரிட்ஜும் கீசரும் ஓடும் வீட்டில் ஒரு நாள்கூட எர்த் இல்லாமல் விடக்கூடாது.

மின்வாரியத்தின் கேபிள் மண்ணுக்குள் வரும் வீடென்றால் அது எந்தப் பக்கம் நுழைகிறது என்று மீட்டர் பெட்டியிலிருந்து தடம் பார்த்து, அந்தப் பக்கம் கடப்பாரை போடாமல் மண்வெட்டியும் கொத்துக்கரண்டியுமாகத் தோண்டுங்கள்.

காம்பவுண்டுக்கு வெளியே, தெருக் குழாயில் ஃபெரூல் (வீட்டு இணைப்பு பிரியும் துண்டு) மாட்டிய இடத்தில் கசிவு என்றால் அது உங்கள் வேலை இல்லை. சாலையை வெட்ட அனுமதி வேண்டும். சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் கொடுக்கலாம். மற்ற ஊர்களில் மாநகராட்சி அல்லது நகராட்சியின் குடிநீர்ப் பிரிவு.

ஒட்டுப் போடலாமா, மாற்ற வேண்டுமா

பள்ளத்தைக் குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆறு அங்குலம் இடம் விட்டு, குழாய்க்கு அடியிலும் அரை அடி இறக்கித் தோண்டுங்கள். அடியில் இடம் இல்லாவிட்டால் ரெஞ்ச் சுற்றாது. சேற்றுத் தண்ணீரும் வெட்டிய குழாய்க்குள் புகும். பள்ளத்தின் ஒரு மூலையில் இன்னும் ஆழமாக ஒரு சிறு குழி வைத்தால் ஊறும் தண்ணீரை மக்கால் மொண்டு ஊற்ற வசதி.

இப்போது குழாயைக் கம்பித் தூரிகையால் தேய்த்து இரண்டடி நீளத்துக்குப் பாருங்கள். துரு மேலாக உதிர்ந்து கீழே சாம்பல் நிற உலோகம் தெரிந்தால் குழாய் இன்னும் உயிரோடு இருக்கிறது. துரு பொருக்குப் பொருக்காக, அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் முனை அமுங்கினால் அந்த லைன் முடிந்தது. அறுத்த துண்டின் வாயையும் பாருங்கள். உள்ளே பழுப்புக் கட்டிகள் வளர்ந்து, முக்கால் அங்குலத் துளை பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருப்பது பழைய குழாயில் வழக்கமான காட்சி. “முன்ன மாதிரி தண்ணி வரல” என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததற்கும் அதுவே காரணம்.

முப்பது வருடத்துக்கு மேலான ஜி.ஐ. லைனில் ஒரு ஓட்டை விழுந்தால் அடுத்தது வெகுதூரத்தில் இல்லை. ஒட்டுப் போட்ட இடத்தின் இரு பக்கமும் அதே வயதுக் குழாய். ஆட்கூலியும் தரை உடைப்பும்தான் இந்த வேலையில் பெரிய செலவு, குழாயின் விலை சொற்பம். எனவே கேட்டிலிருந்து சம்ப்பு வரை முழுசாக மாற்றுவதையே நாங்கள் சொல்வோம்.

அதுவரை இரண்டு மூன்று நாள் தள்ள வேண்டுமென்றால் ரப்பர் வைத்த ரிப்பேர் கிளாம்ப் நல்லது. அது கிடைக்கும்வரை சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்து, நன்றாக இழுத்து மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, மேலே இரண்டு ஹோஸ் கிளிப் போட்டு முறுக்கலாம். எம்-சீல் (பிசைந்து ஒட்டும் பசை) ஈரக் குழாயில் பிடிக்காது. காய்ந்து, துரு போய், பளபளக்கும் உலோகத்தில்தான் நிற்கும், அதுவும் மண்ணுக்குள் அதிக காலம் வராது. ஓட்டையில் மர ஆப்பு அடிப்பது ஓட்டையைப் பெரிதாக்கும்.

என்ன வாங்க வேண்டும்

மண்ணுக்குள் போகும் தெரு லைனுக்கு எச்.டி.பி.இ. என்ற வளையும் பிளாஸ்டிக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். சுருளாக வருவதால் கேட்டிலிருந்து சம்ப்பு வரை நடுவே மூட்டே இல்லாமல் போடலாம். மூட்டு இல்லாத இடத்தில் கசிய இடமில்லை. மரத்தின் வேரோ மண் அமுங்கலோ வந்தாலும் வளைந்து கொடுக்கும். இதில் 25 மி.மீ. என்பது வெளிவிட்டம். உள்ளே சுமார் 20 மி.மீ. இருக்கும், கிட்டத்தட்டப் பழைய முக்கால் அங்குல ஜி.ஐ. அளவு. லைன் 20 மீட்டரைத் தாண்டினால் 32 மி.மீ. போடுங்கள். அதற்கு மேல் பெரிதாக்கிப் பயனில்லை, தெருவில் உள்ள ஃபெரூல் விடுகிற அளவுதான் வரும்.

விறைப்பான பிளாஸ்டிக்கான யு.பி.வி.சி. போட்டாலும் தப்பில்லை, ஆனால் கடையில் அளவு மாறாமல் பாருங்கள். விவசாயத்துக்குப் போடும் சாம்பல் நிறப் பி.வி.சி.யில் 25 மி.மீ. என்றால் வெளிவிட்டம் சரியாக 25. வெள்ளை யு.பி.வி.சி. முக்கால் அங்குலத்துக்கு 26.7. மாடியில் போடும் சி.பி.வி.சி. முக்கால் அங்குலத்துக்கு 22.2. மூன்றும் கடைக்காரர் வாயில் “முக்கால்”தான். ஒன்றின் சாக்கெட்டில் இன்னொன்றைப் பசையை நிரப்பித் திணித்த மூட்டு, முதல் சப்ளையிலோ முதல் கோடையிலோ கழன்றுவிடும்.

12 மீட்டர் லைனுக்கு 25 மி.மீ. எச்.டி.பி.இ. 14 மீட்டர், ஆண் மரை உள்ள கம்ப்ரஷன் அடாப்டர் 25-க்கு முக்கால் இரண்டு, முக்கால் அங்குலப் பித்தளை பால் வால்வு இரண்டு, யூனியன் ஒன்று, கேஜ் மாட்டவும் கழுவிவிடவும் மூன்று வாய் உள்ள ஒரு டீ இணைப்பும் பிளக்கும், சம்ப்பு வாயில் மிதவை வால்வு, சுவர் துளைகளுக்கு 50 மி.மீ. பி.வி.சி. துண்டு, நாலு டெஃப்லான் டேப். மணல் 25 கன அடி, அதாவது கால் யூனிட். ஒரு அடி அகலப் பள்ளத்தில் எட்டு அங்குல உயரத்துக்கு அது போதும். கருவிகளில் 14, 18 அங்குல பைப் ரெஞ்ச் இரண்டு கட்டாயம். ஹாக்ஸா பிரேமோடு புது பிளேடு மூன்று வையுங்கள், பழைய ஜி.ஐ. பிளேடைத் தின்னும்.

கேட்டருகே பழைய குழாயோடு இணைப்பது

வேலையில் கஷ்டமான இடம் இது. சப்ளை நின்ற பிறகு, அடுத்த சப்ளைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் இருக்கும்போது தொடங்குங்கள். நாள் முழுக்க சப்ளை உள்ள இடத்தில் வாரிய ஆள் வந்து ஃபெரூலை அடைத்த பின்தான் கை வைக்க வேண்டும்.

தெருப் பக்கத்திலிருந்து வரும் குழாயில் கடைசியாக உள்ள நல்ல கப்ளிங்கைக் கண்டுபிடியுங்கள். அதற்கு உங்கள் பக்கம் நாலு அங்குலம் விட்டு அறுத்து, மிஞ்சிய கட்டையைக் கழற்ற வேண்டும். ஒரு ரெஞ்ச் தெருப் பக்கக் குழாயை அசையாமல் பிடிக்க, இன்னொன்று கட்டையைத் திருப்ப. ஒரே ரெஞ்ச்சால் திருப்பினால் அந்த முறுக்கல் அப்படியே சாலைக்கு அடியில் உள்ள ஃபெரூல் வரை போய் அங்கே உடையும். பிறகு சாலை வெட்டு, அனுமதி, காத்திருப்பு.

கப்ளிங் அசைய மறுத்தால் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர்ப் பக்கம் சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். துரு விடும். அதற்கும் வராவிட்டால் கப்ளிங்கை நீளவாக்கில் ஹாக்ஸாவால் கீறி, உள் மரையைத் தொடுவதற்கு முன் நிறுத்தி, உளியால் பிளந்து எடுங்கள். குழாயின் மரை பிழைத்துவிடும். மரை போய்விட்டால் நல்ல உலோகம் வரும்வரை அறுத்துப் பின்வாங்கி, டை செட்டால் புது மரை வெட்டலாம். அறுத்த வாயில் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். ஒரு பக்கம் தகடாக மெலிந்திருந்தால் டை போடும்போதே கிழியும். அப்படியென்றால் ஃபெரூல் வரை புதுக் குழாய் போட வாரியத்திடம் எழுதிக் கொடுப்பதுதான் வழி.

உலோக ஆண் மரையின் (வெளிப்பக்க மரை) மேல் பிளாஸ்டிக் பெண் மரையை (உட்பக்க மரை) முறுக்காதீர்கள். குழாயின் மரை கூம்பாக இருப்பதால் முறுக்க முறுக்க ஆப்புப் போல உள்ளிருந்து விரித்து, பிளாஸ்டிக்கைப் பிளக்கும். அன்றைக்கே விரியாவிட்டாலும் சில மாதத்தில் மயிரிழை விரிசல் விடும். ஜி.ஐ. குழாயில் முதலில் பித்தளை பால் வால்வு, அதற்குள் பிளாஸ்டிக் ஆண் மரை என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

டெஃப்லான் டேப்பை, மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் பக்கமாக எட்டிலிருந்து பத்து சுற்று, இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்ப் பக்கம் சுற்றினால் முறுக்கும்போது உருண்டு வெளியே வந்துவிடும். சணலும் வெள்ளை ஈயமும் வைத்து மூட்டுப் போட்ட காலம் ஒன்று உண்டு. ஈயம் விஷம், குடிநீர்க் குழாயில் அது வேண்டவே வேண்டாம்.

புதுக் குழாயைப் படுக்க வைப்பது

நடைபாதையில் குழாய்க்கு மேல் ஒன்றரை அடி மண்ணும், கார் ஏறும் இடத்தில் இரண்டரை அடியும் இருக்கும்படி பள்ளம் எடுங்கள். அடியில் உள்ள செங்கல் துண்டு, கண்ணாடி, கூர்க்கல் எல்லாம் பொறுக்கிவிட்டு மூன்று அங்குலம் மணல் விரியுங்கள். பழைய தடத்திலேயே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழைய குழாய் கழிவுநீர்க் குழாயை ஒட்டிப் போயிருந்தால் இப்போதே தடத்தை மாற்றுங்கள். தெருவில் பெரிய குழாய்களுக்கு 3 மீட்டர் இடைவெளி விதி. வீட்டு முற்றத்தில் அவ்வளவு கிடைக்காது, கிடைக்கிற அளவு விலகுங்கள். குறுக்கே கடந்தே ஆகவேண்டுமென்றால் குடிநீர் எப்போதும் மேலே, கழிவுநீர் கீழே. கடக்கும் இடத்தில் குடிநீர்க் குழாயை ஆறடி நீள 50 மி.மீ. பி.வி.சி. உறைக்குள் விடுங்கள். அந்த ஆறடிக்குள் எந்த மூட்டும் வரக்கூடாது.

எச்.டி.பி.இ. குழாயைப் பள்ளத்தில் விறைப்பாக இழுக்காமல், பாம்பு போல லேசாக நெளியவிட்டுப் படுக்க வையுங்கள். வெயிலில் கிடந்த குழாய் மண்ணுக்குள் குளிர்ந்ததும் சுருங்கும். இழுத்துக் கட்டியிருந்தால் அடாப்டரிலிருந்து உருவிக்கொள்ளும். படுக்க வைக்கும்போது முனைகளில் துணியோ டேப்போ கட்டி வையுங்கள், ஒரு கைப்பிடி மண் உள்ளே போனால் மிதவை வால்வில் போய் மாட்டும்.

கம்ப்ரஷன் மூட்டில் பெரும்பாலான தப்பு ஒன்றே ஒன்று: குழாய் முழு ஆழத்துக்குப் போகவில்லை. முனையை நேராக அறுத்து, வெளி விளிம்பைக் கத்தியால் சாய்வாகச் சீவுங்கள். அடாப்டரை வெளியே வைத்து அளந்து, எவ்வளவு உள்ளே போக வேண்டுமோ அங்கே மார்க்கரால் கோடு போடுங்கள். சோப்புத் தண்ணீரைத் தடவி உள்ளே தள்ளுங்கள், எண்ணெய் வேண்டாம். முதலில் ஒரு தடை தெரியும், அது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அதையும் தாண்டித் தள்ளினால்தான் கோடு வாய்க்கு வரும். முதல் தடையிலேயே நின்றுவிட்ட மூட்டு, கையால் இழுத்தால் கெட்டியாகத்தான் தெரியும். சப்ளை வந்ததும் கழன்று அடிக்கும்.

மூடுவதற்கு முன் சோதனை

மூட்டுகளை மண்ணால் மூடாதீர்கள். நடுவே மட்டும் அங்கங்கே மண் போட்டுக் குழாயை நிலைநிறுத்துங்கள். கேட்டருகே வால்வை மூடி, டீயில் கேஜும் டெஸ்ட் பம்பும் மாட்டி, காற்றை முழுக்க வெளியேற்றிய பின் 6 கிலோவுக்கு ஏற்றுங்கள். டெஸ்ட் பம்ப் பிளம்பிங் சாமான் வாடகைக்கு விடும் இடங்களில் கிடைக்கும். எச்.டி.பி.இ. கொஞ்சம் விரிந்துகொடுப்பதால் முதல் கால் மணி நேரத்தில் முள் இறங்கும். பதற வேண்டாம். மறுபடி 6-க்கு ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். இரண்டாம் முறையும் விடாமல் இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு உண்டு.

காய்ந்த செய்தித்தாளை ஒவ்வொரு மூட்டையும் சுற்றி ஒரு மடிப்பு இறுக்கிக் கட்டி வையுங்கள். விரலுக்குத் தெரியாத வியர்வைத் துளியும் அந்தத் தாளில் காசு அளவுக்குக் கறுத்த வட்டமாக ஊறிக் காட்டிக்கொடுக்கும். வட்டம் எந்த மரைப் பக்கம் முதலில் வந்ததோ அந்தப் பக்கத்தைக் கழற்றி மறுபடி டேப் சுற்றுங்கள். அழுத்தம் இருக்கும்போதே மேலும் முறுக்கி அடக்கப் பார்க்காதீர்கள்.

கழுவுவது

புதுக் குழாய்க்குள் மண்ணும் கைப்பட்ட அழுக்கும் இருக்கும். 25 மி.மீ. குழாய் மீட்டருக்குச் சுமார் 0.3 லிட்டர்தான் பிடிக்கும், 12 மீட்டருக்கு நாலு லிட்டர். முதலில் ஒரு சப்ளையில் சம்ப்புப் பக்க முனையைத் திறந்துவிட்டுத் தெளிவாக வரும்வரை வெளியே ஓடவிடுங்கள். பிறகு கேட்டருகே வால்வை மூடிவிட்டு, பத்து லிட்டர் வாளித் தண்ணீரில் 2 கிராம், அதாவது தலைதட்டிய அரை டீஸ்பூன் புது பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் டீ வழியாக ஊற்றி லைனை நிரப்புங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் குளோரின் வரும். ஒரு நாள் அப்படியே நிற்கட்டும். அடுத்த சப்ளையில் வாடை போகும்வரை வெளியே விட்டுவிடுங்கள், சம்ப்பில் விட வேண்டாம்.

கசிவு இருந்த காலத்தில் சம்ப்பிலும் அழுக்கு சேர்ந்திருக்கும். சம்ப்பைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரம்பியதும் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டு அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். சம்ப்புக்குள் ஆள் இறங்குவதற்கு முன் மூடியைப் பல மணி நேரம் திறந்து வைத்து, மேலே ஒருவர் நின்றிருக்க வேண்டும்.

மூடுவது

குழாய்க்கு மேல் நாலு அங்குலம் மணல், அதற்கு மேல் கல் பொறுக்கிய மண்ணை ஆறு அங்குலத்துக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குங்கள். ஒரே தடவையாகக் கொட்டி மூடினால் அடுத்த மழையில் பள்ளம் விழும். மேலே சிமெண்ட் போடுவதை இரண்டு மழைக்குத் தள்ளிப்போட்டால் நல்லது. தரையில் இருந்து அரை அடி ஆழத்தில் ஒரு நீல நிற எச்சரிக்கை நாடாவோ செங்கல் வரிசையோ வைத்துவிட்டால், நாளைக்குத் தோண்டுகிறவர் கடப்பாரையைக் குழாயில் இறக்க மாட்டார்.

பழைய ஜி.ஐ. குழாயை மண்ணிலேயே விட்டுவிடலாம், ஆனால் கேட்டருகே தெரு லைனோடு அது எந்த விதத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அடி பம்பு இருந்தால் அதன் பழைய இணைப்பையும் அறுத்து, எண்டு கேப் போடுங்கள். பள்ளத்தை மூடுவதற்கு முன்பே வால்வு, மூட்டு, வளைவு ஒவ்வொன்றையும் இரண்டு சுவர்களிலிருந்து டேப்பால் அளந்து ஒரு தாளில் வரைந்து, செல்லில் படமும் எடுத்து, அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கரண்ட் மீட்டர் பெட்டியின் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.